எல்லாச் சாவுக்கும் வந்தவர்

எங்கள் ஊரில் ஓர் உயிர் போனால் அந்த வீட்டு வாசலுக்கு முதலில் போய்ச் சேர்வது என் நாற்காலிகளா, தலைவரா என்று டீக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் தலைவர்தான் ஜெயிப்பார். நான் சாமியானா, நாற்காலி, டியூப்லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தவன். செய்தி வந்து, ஆளைத் தேடிப் பிடித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் அவர் அங்கே தரையில் உட்கார்ந்து, செத்தவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக ஆட்டி, பந்தலை எந்தப் பக்கம் தாழ்த்திக் கட்ட வேண்டும் என்று கண்ணாலேயே காட்டுவார். மதியத்துக்கு மேல் வெயில் எந்தப் பக்கம் இறங்கும், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேரூராட்சிக்குத் தலைவராக இருந்ததால் தலைவர். இரண்டாயிரத்து ஆறில் எம்.எல்.ஏ. ஆன பிறகும் எங்களுக்கு அவர் தலைவர்தான். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், மேற்கே நெல்லும் மணிலாக்கொட்டையும், கிழக்கே உப்பளமும் அதைத் தாண்டினால் கடலுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே ஒரு மாவு மிஷின் வைத்திருந்த மனிதர் எப்படி சட்டசபைவரை போனார் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவர் எல்லாச் சாவுக்கும் வந்தார். அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

அவர் தலைமுடி காய்ந்து நான் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுக வேண்டும் அல்லவா? காலையில் ஒரு சாவு, மதியம் ஒரு சாவு என்றால் இரண்டு முழுக்கு. ஈரத் தலையை நடு வகிடு எடுத்து வாரியிருப்பார். காதோரம் எப்போதும் ஒரு சொட்டு நிற்கும். சட்டைக் காலர் நனைந்தே இருக்கும். கட்சிக் கரை போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் சாவு வீட்டுக்கு வந்ததில்லை. வண்டிப் பெட்டியில் கரை இல்லாத வேட்டி ஒன்று மடித்து வைத்திருப்பார். தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்து வருவார். கூனிமேட்டு முஸ்லிம் தெருவில் யாராவது மவுத் ஆகிவிட்டால் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுப்பார். மாதா கோயில் தெருவில் என்றால் கல்லறைவரை போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். எந்தச் சாதியில் பாடைக்கு எத்தனை கட்டு, எந்தத் தெருவில் சங்கு முன்னால் போக வேண்டும், யார் வீட்டில் தலைமாட்டுக்கு எந்தத் திசை என்பதை அவரிடம் கேட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களே சண்டையைத் தீர்த்துக்கொள்வார்கள்.

அழுகையையும் சொல்ல வேண்டும். அவர் அழுவார். துக்கத்தில் இருக்கிறவர் காதருகே குனிந்து, "நான் வந்துட்டேன்மா, வுடு, நான் வந்துட்டேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. கண்ணீர் தாடைவரை இறங்கும். நான் தொழில் நிமித்தம் எத்தனையோ சாவுகளில் ஓரமாக நின்றவன். எந்த மருமகள் எப்போது அழுவாள், யார் வந்ததும் சத்தத்தை ஏற்றுவாள் என்று எனக்குத் தெரியும். தலைவர் அழுகையில் எங்காவது ஓர் இடத்தில் நடிப்பு தட்டுப்படுகிறதா என்று வருடக் கணக்காக உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தட்டுப்படவில்லை. அது நடிப்பாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது.

என் தங்கச்சி செல்வியை அளத்துமேட்டில் கொடுத்திருந்தோம். கழிவெளி ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிற ஓடை ஒன்று ஊரின் கிழக்கே ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம், உப்பளங்களை ஒட்டிய மேட்டில் இருக்கிற குடியிருப்புதான் அளத்துமேடு. எல்லாரும் உப்பு வாருகிறவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, சுடுகாடு எல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இரண்டு முழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடும், பிணத்தைக்கூடப் புதைக்க முடியாது. ஓடையைக் கடக்க இரண்டு பனைமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கோடையில் முழங்கால் தண்ணீர்தான், மரத்தைத் தேடவே தேவையில்லை. ஐப்பசி பிறந்தால் கழிவெளி நிரம்பி, ஓடை மார்பளவுக்கு வந்துவிடும். பாசி பிடித்த பனைமரத்தில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வருவார்கள். செல்வியின் ஒரே மகள் கலாவும் அதில் ஒருத்தி. மழை பிடித்தால் செல்விக்குச் சோறு இறங்காது. மகள் பள்ளிக்கூடத்துக் கரையில் ஏறியதைத் தன் கரையிலிருந்து கண்ணால் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஒரு சின்னப் பாலம், ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு இருந்தால் போதும். அளத்துமேட்டுக்காரர்கள் கேட்டதெல்லாம் அதுதான்.

இரண்டாயிரத்து நாலு மழையில் அஞ்சலை என்கிற பெண் அந்த மரத்திலிருந்து சறுக்கி விழுந்து செத்துப்போனாள். ஓடைக்கு இந்தப் பக்கம் குவித்திருந்த உப்பு அம்பாரத்துக்குக் கீற்று மூடிவிட்டு வந்தவள். தலையில் மிச்சக் கீற்றுக் கட்டு இருந்திருக்கிறது. காற்று கட்டைத் திருப்பியதும் அவளும் சேர்ந்து திரும்பிவிட்டாள். நான் நாற்காலியோடு ஓடைக் கரைக்குப் போனபோது தலைவரின் செருப்பு அங்கே கிடந்தது. அவர் எனக்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தார்.

நாலு பேர் தோளில் வர வேண்டிய பாடை, இரண்டு பனைமரத்தின் மேல் எப்படி வரும்? அளத்துமேட்டில் எந்தச் சாவானாலும் மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கித்தான் தூக்கி வருவார்கள். அன்றைக்கு முன்பக்கத்து மூங்கிலுக்குத் தலைவர் தோள் கொடுத்தார். "நீங்க வாணாம் தலைவரே, நாங்க பாத்துக்கறோம்" என்று எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நடு ஓடையில் அவர் கால் சேற்றில் சறுக்கி, ஒரு நொடி முகம் தண்ணீருக்குள் போனது. பாடை மட்டும் சாயவில்லை. மூங்கிலைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி, இருமிக்கொண்டு எழுந்து நின்றார். கரையில் நின்ற பெண்கள் அஞ்சலைக்காக அழுததை நிறுத்திவிட்டு அவருக்காக அழுதார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அன்றைக்கு யாரும் அவரிடம் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவரிடம் எதையும் கேட்பதில்லை என்பது எங்கள் பக்கத்து மரியாதை. வரப்புத் தகராறில் பேச்சு முறிந்துபோன பங்காளி வந்தாலும் அன்றைக்கு வரப்பைப் பற்றிப் பேச மாட்டோம். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும் மனுவை எடுத்து நீட்ட மாட்டோம். அது செத்தவரை அவமானப்படுத்துவது. மறுநாள் நான் செல்வியிடம் கேட்டேன், பாலம் விஷயமாக நாலு பேர் சேர்ந்து தலைவரைப் போய்ப் பார்க்கலாமா என்று.

"இன்னாத்துக்குணா?" என்றாள். "அவரு தோள்லயே தூக்கினு வந்தாரு. தண்ணி குடிச்சாரு. இனிமே நாம போயி வேற சொல்லணுமா? அவருக்குத் தெரியாததா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரே அப்படித்தான் நினைத்தது. தன் உடம்பால் அறிந்தவருக்கு வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்று சும்மா இருந்துவிட்டோம். வேறு எந்த ஊராவது இப்படி ஒரு கணக்குப் போடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. நாற்காலி கேட்டு யாரும் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்து அழுவதற்கு யாருக்கும் நேரமில்லை. பக்கத்துக் குப்பங்களில் கிடந்தவர்களை எடுக்க வெளியாட்கள் தயங்கி நின்றபோது தலைவர் எடுத்தார். மூக்கில் துணி கட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் முகத்தைத் துடைத்துவிட்டார். பெண்களுக்குப் புடவையைச் சரிசெய்துவிட்டார். ஒரு சின்னக் குழந்தையை அவர் தோளில் சாய்த்துத் தூக்கி வந்ததை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். தலைவர் அவர்மேல் பாய்ந்தார். "யோவ், உனுக்குப் புள்ள குட்டி இல்ல? போயா அந்தாண்ட!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

படம் பத்திரிகையில் வந்தது. ஒரு வருடம் கழித்து அதே படம் எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டராக வந்தது. சட்டசபைத் தேர்தல் வருகிறது, கட்சியில் இவருக்குத்தான் சீட்டு என்று பேச்சு அடிபட்ட நேரம். தலைவர் போஸ்டரைக் கிழிக்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கடைத்தெருவில் அதன் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கட்சிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் தப்பில்லை, ஆனால் அந்த வாய் வராததற்குள் எங்கள் பாலமும் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குள் ஒரு மழை வந்து போயிருந்தது. பாலம் வரவில்லை. செல்விக்கே பொறுமை போய்விட்டது. அவளும் அளத்துமேட்டுப் பெண்கள் சிலரும் என்னைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு எந்தச் சாவும் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்பினோம். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலைவர் உள்ளேயிருந்து வந்தார், எதிரே உட்கார்ந்தார். செல்வி பேச ஆரம்பித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் முன்பின் தெரியாதவனைக்கூட இறுகக் கட்டிப்பிடிக்கிற மனிதர், உயிரோடு நாலு பேர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர் மாதிரி நெளிந்தார். செல்வி பாதி சொல்லும்போதே போன் வந்தது. பெரிய முதலியார்சாவடியில் கட்சிக்காரர் ஒருவருடைய அப்பா போய்விட்டாராம். தலைவர் முகத்தில் அப்போது வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன்.

"இருங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நாங்கள் இருந்தோம். வெயில் வாசலிலிருந்து சுவரேறும்வரை இருந்தோம். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொடுத்தார், பிறகு சோறும் போட்டார். எங்கள் நிலைமையைப் பார்த்து அந்தம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"நீங்க கௌம்புங்கம்மா. அவரு இன்னிக்கு வர மாட்டாரு" என்றார். "உசுரோட இருக்கறவங்க எதுர்ல உக்காந்து ஒண்ணு கேட்டாக்கா அவருக்குப் பேச்சே வராது. எங்கிட்டயே அப்பிடித்தான். எங்கப்பா செத்த அன்னிக்குதான் அவரு என்னைக் கட்டிப் புடிச்சி அழுதாரு. எனக்குக் கல்யாணம் ஆயி இருவது வருசம் ஆவுது."

அந்தம்மா சொன்னதை அப்போது ஒரு பெண்ணின் புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசிக்க யோசிக்கத்தான் அவரைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது. எங்களிடமிருந்து அவர் ஒளிந்துகொள்ளச் சாவு வீட்டைத் தவிர நல்ல இடம் எது? அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்க மாட்டோம். வந்தாலே போதும். அவரால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான், அதை அள்ளிக் கொடுத்தார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டு, மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம்.

இவ்வளவு தெரிந்தும் தேர்தலில் அவருக்குத்தான் போட்டோம். எதிர்த்து நின்றவர் படித்தவர், வக்கீல், நன்றாகப் பேசுவார். அளத்துமேட்டுக்கே வந்து, ஓடைக் கரையில் நின்று, பாலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எந்தத் துறையிடம் போக வேண்டும், கரை யாருக்குச் சொந்தம், தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். அவர் போனதும் செல்வியின் புருஷன் முருகன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நல்லாத்தான் பேசறாரு மச்சான். ஆனா அஞ்சல சாவுக்கு இவரு வந்தாரா?"

அத்தோடு முடிந்தது. டீக்கடையிலும் அதே பேச்சுதான். உன் அப்பன் சாவுக்கு யார் வந்தது, உன் அண்ணியைத் தூக்கியது யார். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவர் ஜெயித்த அன்றைக்கு என் நாற்காலிகள் அத்தனையும் மேடைக்கு முன்னால் கிடந்தன. மாலை குவிந்தது. மைக்கைக் கொடுத்ததும் "எல்லாருக்கும் வணக்கம், உங்க வூட்டுப் புள்ள நானு" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தார், எதுவும் கிடைக்கவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

எம்.எல்.ஏ. ஆனதும் வெள்ளைக் கார் வந்தது. கூடவே ஏழெட்டு ஆட்கள். சாவுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. தொகுதி பெரிசு, சாவும் நிறைய. முன்பெல்லாம் எடுக்கும்வரை இருந்து தோள் கொடுப்பார். இப்போது வந்து, மாலை போட்டு, தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த சாவுக்குப் புறப்பட்டுவிடுவார். கூட வந்த கரை வேட்டிகள் என் நாற்காலிகளை நிரப்பிக்கொள்ள, செத்தவரின் சொந்தக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். தலைவர் வரும்வரை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போவான். சித்திரை வெயிலில் ஐஸ் வைத்துக் காத்திருந்த பிணங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்தபின் அவர் அழுகை பழைய அழுகைதான். தலைமுடியும் அதே ஈரம்தான்.

சட்டசபையில் அவர் வாய் திறந்ததாக யாரும் சொல்லக் கேள்விப்படவில்லை. ஆனாலும் ஒரு வழி பிறந்தது. திண்டிவனத்தில் ஓர் அதிகாரி, பாலம் விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார். இன்ன தேதியில் உங்கள் எம்.எல்.ஏ.வைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்ஜினியரையும் வரச் சொல்கிறேன், உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றார். தலைவரும் வருவதாக ஒப்புக்கொண்டார். நான், முருகன், செல்வி, அளத்துமேட்டிலிருந்து இன்னும் இருவர், வேன் வைத்துக்கொண்டு போனோம். செல்வி கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். இன்ஜினியர் வந்தார். அதிகாரி வந்தார். தலைவர் வரவில்லை. நான் போன் போட்டேன்.

"ஏம்பா, இரும்பையில ஒரு சாவு. நம்ம பழைய கவுன்சிலரோட அம்மா" என்றார்.

"தலைவரே, எல்லாரும் உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க. ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போனா போதும்."

"அதிகாரி காத்திருப்பாருப்பா. பொணம் காத்திருக்குமா?"

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பதில் வராது. உள்ளே போய்ச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் வந்து இது அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வருஷமே எடுத்திருக்கலாம்" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. கேக்கறவங்க கேட்டாதான் நடக்கும். இந்தத் தொகுதிக்கு அவர்தானே கேக்கணும்?"

வேனில் திரும்பும்போது செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருகன்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். "வுடு. இந்த மழைக்கும் நானே நின்னுக்கறேன்" என்றான்.

அவன் நிற்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அஞ்சலை செத்ததிலிருந்து மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் முருகன் ஓடையில் இறங்கிவிடுவான். கரையில் இருக்கிற வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு, பனைமரத்தை ஒட்டி மார்பளவு தண்ணீரில் நிற்பான். பிள்ளைகள் அவன் தலையையோ தோளையோ பிடித்துக்கொண்டு நகர்ந்து போகும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. இதையே வேலையாக எடுத்துக்கொண்டான். யாரும் கூலி கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கலா மட்டும் அப்பா தலையைப் பிடிக்கும்போது கொஞ்சம் முடியை இழுத்துவிட்டுப் போவாளாம், விளையாட்டுக்கு.

அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம், கடைசிப் பிள்ளையும் ஏறின பிறகு, மேலேயிருந்து வெள்ளம் ஒரே மூச்சில் வந்தது. பனைமரம் ஒன்று உருண்டு அவன்மேல் விழுந்தது. கயிறு அறுந்துவிட்டது. மறுநாள் காலையில் உப்பளத்து மதகுப் பக்கம் அவனை எடுத்தார்கள்.

சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு நான் நாற்காலி கொண்டுபோனேன். மரங்கள் இரண்டும் போய்விட்டிருந்தன. நாற்காலிகளை அடுக்கிக் கட்டித் தண்ணீரில் விட்டு, பாதி மிதந்தும் பாதி முழுகியும் கிடந்தவற்றைத் தள்ளிக்கொண்டே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். என் மாப்பிள்ளைக்கு ஈர நாற்காலிதான் கொடுத்து வைத்தது. மதியத்துக்கு மேல் கட்சிக்காரன் ஒருவன் கழுத்தளவு நனைந்து வந்து, தலைவர் வருகிறார், எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். காத்திருந்தோம்.

தலைவர் வந்தார். ஓடையை நீந்தாத குறையாகக் கடந்து, சொட்டச் சொட்ட வந்தார். கரை இல்லாத வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. முருகன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். கலாவை இழுத்து அணைத்துக்கொண்டார். செல்வியின் பக்கம் குனிந்து "நான் வந்துட்டேன்மா, நான் வந்துட்டேன்" என்றார். அவருக்கு அழுகை பீறிட்டது. உடம்பு குலுங்கியது. என் சொந்தத் துக்கத்துக்கு நடுவிலும் நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, ஒரு பொட்டுப் பொய் இல்லை. அந்த நிமிஷம் அவரை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரை அறையவும் தோன்றியது, அவர் தோளில் சாய்ந்து அழவும் தோன்றியது. செல்வி ஒரு சொட்டு அழவில்லை. அவள் காலையிலிருந்தே அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் எழுந்தார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் போய் வாருங்கள் என்று அனுப்ப மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைப்பதாக ஆகிவிடும். அவரும் முறைப்படி யார் முகத்தையும் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே நடந்தார். பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற குரல்.

"போயிட்டு வாங்க தலைவரே."

பறைச் சத்தம்கூட நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அவள் மாமியார் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். செல்வி அந்தக் கையை எடுத்துவிட்டாள். கலாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"கட்டாயம் வாங்க. இவ பன்னண்டாவது முடிக்கற வரைக்கும் அந்த மரத்து மேலதான் போவணும்."

தலைவர் திரும்பினார். சாவு வீட்டில் வைத்து அவரை ஒருவர் கேட்டுவிட்டார். கூட வந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். அவர் செல்வியைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். உதடு அசைந்தது. கட்டித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது வரும் என்று நான் காத்திருந்தேன். அந்தப் பொய்யைக்கூட நான் மன்னித்திருப்பேன். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. "நேரமாவுது தலைவரே" என்று ஒருவன் அவர் முழங்கையைத் தொட்டான். அவர் ஓடையில் இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் முருகனைத் தூக்கினோம்.

அந்த வாரமே லாரி ஒன்று ஓடைக் கரைக்கு வந்தது. இரண்டு பனைமரங்களை இறக்கினார்கள். முன்பு இருந்ததைவிடப் பருமனான மரங்கள், நுனி சீவி, மேல்பக்கம் சறுக்காமல் கொத்துவிட்டு, பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தன. என்னை அங்கே பார்த்த டிரைவர் பீடியை எறிந்துவிட்டு வந்தான்.

"தலைவர் சொந்தச் செலவுல அனுப்பிக்கிறாருண்ணா. அவரே நின்னு மரம் பாத்து வெட்ட வச்சாரு. நல்லா வைரம் பாஞ்சது. இருவது வருசம் அசையாது" என்றான்.

ஆட்களோடு சேர்ந்து நானும் ஒரு கை கொடுத்து மரங்களைக் குறுக்கே போட்டேன். வெள்ளத்துக்கு மூடியிருந்த பள்ளிக்கூடம் அடுத்த திங்கட்கிழமை திறந்தது. மழை விடவில்லை. கலா புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு புது மரத்தில் ஏறினாள். காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாத என் தங்கச்சி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் மரத்தை ஒட்டி நின்றாள்.